1938-இல் எடுத்த ஒரு குடும்பப் படத்தை எப்படிப் பார்ப்பது?

கும்பகோணத்துப் பூர்வீக வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்த குடும்பப் படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டுக்குப் பத்து அங்குலம். பின்னால் மையில் 1938 என்று எழுதியிருக்கிறது. மொத்தம் பதினொரு பேர். நடுவில் நாற்காலிகளில் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும், பின்வரிசையில் மூன்று மகன்களும் இரண்டு மருமகள்களும், வலது ஓரத்து நாற்காலியில் வெள்ளைச் சேலையில் கொள்ளுத்தாத்தாவின் தங்கை, கீழே ஜமுக்காளத்தில் இரண்டு பேரப் பையன்கள். கொள்ளுப்பாட்டியின் மடியில், ஒரு கை மட்டும் கலங்கிப்போன கடைக்குட்டிப் பெண் குழந்தை. அந்தக் குழந்தைதான் இப்போது 89 வயதில் இருக்கும் உங்கள் பாட்டி.

“எல்லோரும் விறைத்துப்போய் இருக்கிறார்கள், யாரும் சிரிக்கவில்லை, பொட்டெல்லாம் கறுப்பு, பின்னால் ஏதோ பொய் அரண்மனை. என் தங்கை ஆப்பில் போட்டுக் கலராக்கிச் சிரிக்க வைக்கலாம் என்கிறாள். இதில் கலை என்று பார்க்க என்ன இருக்கிறது?” என்பது உங்கள் கேள்வி.

என் பெரியப்பா மாயவரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறை முழுக்க நெகட்டிவில் முகங்களைத் திருத்தும் அவருடைய டச்சிங் மேசைக்குப் பக்கத்திலேதான் கிடப்பேன். பழைய படங்களைப் பிரதி எடுத்துச் சீர்செய்வதே பிறகு எனக்குப் பிழைப்பாகவும் ஆனது. நீங்கள் அனுப்பிய ஸ்கேனைப் பெரிதாக்கி இரண்டு நாள் பார்த்தேன். நல்ல கைகாரர் ஒருவர் எடுத்த படம் இது. சரி, நான் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் முகங்களை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள். கூட்டப் படத்தில் புகைப்படக்காரருக்குப் பெரிய தலைவலி கைகள்தான். தொங்கவிட்டால் கயிறு மாதிரி இருக்கும், கட்டிக்கொண்டால் சண்டைக்கு நிற்பது மாதிரி இருக்கும். உங்கள் படத்தில் கொள்ளுத்தாத்தாவின் இரண்டு கைகளும் முழங்கால் மேல், விரல்கள் லேசாக விரிந்து இருக்கின்றன. மூத்த மகனின் கை அப்பாவுடைய நாற்காலியின் முதுகில். இரண்டாவது மகன் கோட்டுப் பையில் ஒரு கையை விட்டிருக்கிறார், கட்டைவிரல் மட்டும் வெளியே. மூத்த மருமகளின் கை மாமியாருடைய நாற்காலிக் கைப்பிடிக்கு மேலே வந்து, ஒரு விரல்கடை தூரத்தில் நின்றுவிடுகிறது. தொட்டுவிடவில்லை. அந்த இடைவெளியில் அந்த வீட்டு மரியாதை முழுவதும் இருக்கிறது. இதெல்லாம் தானாக அமையாது. ஒவ்வொருவர் அருகிலும் போய், “இந்தக் கையை இப்படி வையுங்கம்மா” என்று சொல்லி, பின்னால் போய்ப் பார்த்து, மறுபடி வந்து திருத்தி வைத்தது.

அப்புறம் தலைகள் போகும் கோட்டைப் பின்பற்றுங்கள். பின்வரிசையின் ஐந்து தலைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. நடுவில் உயரமாக ஏறி, இரண்டு பக்கமும் இறங்கி, வலது பக்கம் அத்தைப்பாட்டியின் தலையில் வந்து முடிகிறது. குட்டையான ஒருவர் பலகை மேல் நின்றுகொண்டிருக்கலாம், அது ஸ்டூடியோக்களில் சாதாரணம். வரிசையின் இரண்டு ஓரமும் காமிராவை நோக்கிக் கொஞ்சம் வளைந்து வந்திருப்பதையும் கவனியுங்கள். பார்ப்பதற்குக் குடும்பம் அணைத்துக்கொண்டிருப்பது போலத் தெரிகிறது. ஆனால் அந்த வளைவுக்குக் காரணம் லென்ஸ். அந்தக் காலத்து லென்ஸ்கள் பலவற்றில் நடுவில் கூர்மை இருக்கும், ஓரத்துக்குப் போகப்போகக் குறையும். எல்லோரையும் நேர்வரிசையில் நிறுத்தினால் ஓரத்தில் இருப்பவர்கள் லென்ஸிலிருந்து தள்ளிப்போய் மங்குவார்கள். பிறைபோல் நிறுத்தினால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பார்கள். கருவியின் குறையைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு, படத்தில் பாசமாக வந்து நிற்கிறது. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

இதையெல்லாம் அவர் எப்படிப் பார்த்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். தலைமேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு, காமிராவின் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் பார்ப்பார். அதில் உங்கள் குடும்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். தலைகீழாகப் பார்க்கும்போது அப்பா, மகன் என்ற எண்ணம் கொஞ்சம் விலகி, எங்கே கனம் கூடுதல், எங்கே ஓட்டை விழுகிறது என்பது மட்டும் கண்ணுக்குப் படும் என்று பெரியப்பா சொல்வார்.

இனி வெளிச்சம். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கை லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கொள்ளுத்தாத்தாவின் கண்மணியில் பார்வையாளருக்கு இடது மேற்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். உருண்டையான புள்ளியாக இருந்தால் மின்விளக்கு என்று நினைத்திருப்பேன். ஸ்கேனில் அது நீளவாட்டில், நிமிர்ந்த கட்டமாக இருக்கிறது. ஆகவே அது ஜன்னல், அல்லது கண்ணாடிச் சுவர். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம். அந்த ஸ்டூடியோ இடிந்துபோயிருக்கலாம். அதன் ஜன்னல் இன்னும் அவர் கண்ணில் இருக்கிறது.

பகல் வெளிச்ச ஸ்டூடியோக்களில் ஒரு பக்கச் சுவரும் கூரையின் ஒரு பகுதியும் கண்ணாடியாக இருக்கும். அந்தப் பக்கம் வடக்கைப் பார்த்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பியப் புத்தகங்களிலிருந்து வந்த விதி. அங்கே வடக்கிலிருந்து நேர் வெயில் வராது. நம் ஊரில் அந்த விதி அப்படியே செல்லாது. கும்பகோணம் பதினொரு பாகை வடக்கில் இருக்கிறது. ஏறக்குறைய ஏப்ரல் மூன்றாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த நான்கு மாதமும் வடக்குக் கண்ணாடி வழியாகவே வெயில் உள்ளே இறங்கும். அதனால் கண்ணாடிக்குக் கீழே கம்பியில் வெள்ளைத் துணித் திரைகளைக் கோத்து, நீளக் குச்சியால் தள்ளியும் இழுத்தும் வெளிச்சத்தை வடிகட்டுவார்கள். எந்தத் திரையை எவ்வளவு இழுப்பது என்பதில்தான் ஒருவருடைய கைத்திறன் தெரியும்.

உங்கள் படத்தில் அந்தத் திறன் எங்கே தெரிகிறது என்றால், வெள்ளைச் சேலையில். வெள்ளைத் துணி புகைப்படக்காரருக்கு எமன். வெளிச்சத்தில் வைத்தால் மடிப்பு, நெசவு எதுவும் தெரியாமல் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்துவிடும். படத்தில் எது அதிக வெளுப்போ அங்கேதான் கண் முதலில் ஓடும், ஓரத்தில் இருந்தால் கண்ணை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். கணவரை இழந்தவரை ஓரத்தில் உட்கார வைத்தது அந்தக் காலத்து வழக்கம், அந்தக் கொடுமையில் புகைப்படக்காரர் எதையும் மாற்றியிருக்க முடியாது. ஆனால் எந்த ஓரம் என்பது அவர் கையில் இருந்தது. ஜன்னல் இடது பக்கம். அவர் அந்த அம்மாவை வலது ஓரத்தில், வெளிச்சம் தணிந்து வரும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார். அதனால் அந்தச் சேலை வெளுக்காமல் மெல்லிய சாம்பலாக, ஒவ்வொரு மடிப்பும் எண்ணும்படி வந்திருக்கிறது. முகமும் துணிக்குள் தொலைந்துபோகவில்லை. நின்றுகொண்டிருக்கும் மருமகள்களுக்கு இல்லாத நாற்காலி அவருக்குக் கிடைத்திருப்பதையும் பாருங்கள். எனக்கு இந்தப் படத்தில் அவர் முகம்தான் நடுநாயகம்.

கறுப்புப் பொட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பகால நெகட்டிவ்கள் நீல வெளிச்சத்துக்கு மட்டுமே மசியும். 1873-இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோகல் என்ற வேதியியலாளர், நெகட்டிவ் கண்ணாடியில் பூசும் மருந்தில் சாயம் கலந்தால் பச்சையையும் மஞ்சளையும் பிடிக்க வைக்கலாம் என்று கண்டுபிடித்தார். அப்படி வந்தவை ஆர்த்தோக்ரோமேட்டிக் பிளேட்டுகள். சிவப்பு மட்டும் அவற்றுக்குத் தெரியவே தெரியாது. எல்லா நிறமும் பிடிக்கும் பிளேட்டுகள் 1906 முதல் கடையில் கிடைத்தாலும், சிறிய ஊர் ஸ்டூடியோக்கள் ஆர்த்தோவை விடவில்லை. அதற்கு நல்ல காரணமும் இருந்தது. சிவப்பு தெரியாத பிளேட்டை டார்க் ரூமில் சிவப்பு விளக்கு வைத்துக்கொண்டே கழுவலாம். உருவம் ஏறுவதைக் கண்ணால் பார்த்து, போதும் என்கிற இடத்தில் எடுக்கலாம். மற்றதைக் கும்மிருட்டில் கைக்கணக்கில் கழுவ வேண்டும்.

அந்தப் பிளேட்டில் குங்குமம் கறுப்பாகும், வெற்றிலை போட்ட உதடு கறுப்பாகும், அரக்குப் பட்டும் கறுப்பாகும். நம் தோலில் சிவப்பும் பழுப்பும் கலந்திருப்பதால் முகமும் நேரில் இருப்பதைவிடக் கறுத்துத்தான் வரும். உங்கள் படத்தில் வெள்ளைச் சேலை அம்மாவைத் தவிர மற்றப் பெண்கள் மூவரும் கறுப்புச் சேலை கட்டியிருப்பது போலத் தெரிவதும் இதனால்தான். 1938-இல் சுமங்கலிகள் மூன்று பேர் கறுப்பு உடுத்திக்கொண்டு குடும்பப் படத்துக்கு வந்திருப்பார்களா? அரக்கோ, நல்ல சிவப்போ, மாந்துளிரோ கட்டியிருப்பார்கள். உங்கள் புகைப்படக்காரருக்கு இது தெரியும். அதனால்தான் மூன்று கறுப்புகளையும் சேர்த்து நிறுத்தாமல் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வேட்டி, ஒரு வெளிர்நிறக் கோட்டு, ஒரு வெள்ளைச் சொக்காய் என்று மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். வண்ணத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அது பிளேட்டில் என்னவாகப் போகிறது என்று மனதுக்குள் மாற்றிக்கொண்டு நிறுத்துவது அது.

இனி, விறைப்பு. முன்னால் ஜமுக்காளத்தில் இருக்கும் பையனின் கால் கட்டைவிரல் முதல் பின்வரிசையில் இருக்கும் மகனின் காது வரை எல்லாம் கூர்மையாக இருக்கிறது. ஆழத்தில் நான்கைந்து அடியாவது இருக்கும். இத்தனை பெரிய பிளேட்டில் அவ்வளவையும் கூர்மையாக எடுக்க லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் குறையும். குறைந்த வெளிச்சத்துக்கு நேரம் கூட்ட வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்றி, வாய்க்குள் எண்ணி, மறுபடி மூடுவார்கள். இங்கே ஒன்றிரண்டு நொடி போயிருக்கும் என்பது என் கணிப்பு. அதற்குச் சாட்சி உங்கள் பாட்டியின் கை. மீதி இருபத்தொரு கைகளும் அசையவில்லை, அது மட்டும் அசைந்திருக்கிறது.

இரண்டு நொடி சிரிப்பை நீங்கள் கண்ணாடி முன் நின்று முயன்று பாருங்கள். முதல் அரை நொடிக்குள் அது சிரிப்பாக இல்லாமல் போய்விடும். கண் சிமிட்டினால் பாதகமில்லை, அவ்வளவு நேரத்தில் ஒரு சிமிட்டல் பதியாது. ஆனால் உதடு அசைந்தால் வாய் கரைந்துவிடும். அதனால் நீண்ட நேரம் தாங்கக்கூடிய முகத்தை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பெரியவர்கள் முன்னால் பல்லைக் காட்டக்கூடாது என்ற வளர்ப்பும் அதோடு சேர்ந்துகொண்டது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்து, தன்னால் ஒரு படம் கெட்டுவிடக்கூடாது என்று நின்ற நேரம் அது. நீங்கள் விறைப்பு என்று சொன்னதை நான் உழைப்பு என்று பார்க்கிறேன். அந்த இரண்டு நொடியும் அவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை. படத்தில் பாதி அவர்களுடையது.

பின்னால் தெரியும் அரண்மனை துணியில் எழுதியது. தூண், படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், தொலைவில் மரம். இதை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். நாடகக் கம்பெனிகளுக்கு சீன் எழுதிய ஓவியர்களின் கலையோடு நெருக்கமான உறவுள்ளது இந்த ஸ்டூடியோத் துணி. காலண்டர் சாமிப் படங்களால் பெயர்பெற்ற கோவில்பட்டி சி. கொண்டைய ராஜுவே நாடகத் திரை எழுதி வந்தவர்தான். உங்கள் படத்துத் துணியில் எழுதியவர், தூண்களுக்கு நிழலை வலது பக்கம் போட்டிருக்கிறார். அதாவது ஜன்னல் இடது பக்கம் இருக்கும் ஸ்டூடியோவுக்கென்றே எழுதிய துணி. பொய் வெளிச்சமும் நிஜ வெளிச்சமும் ஒரே பக்கமிருந்து வருகின்றன. ஆட்களைத் துணியிலிருந்து சில அடி முன்னால் நிறுத்தியதால் தூண்கள் லேசாக மங்கி, தூரத்தில் இருப்பது போல ஆகிவிட்டன. துணி தரையைத் தொடும் கோட்டை ஜமுக்காளமும் நாற்காலிக் கால்களும் மறைக்கின்றன. ஜமுக்காளத்துப் பட்டைக் கோடுகள் நேராகக் கொள்ளுத்தாத்தாவின் பாதத்தில் கொண்டுபோய் விடுகின்றன. வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ படம் எடுத்துக்கொண்டவர்கள், தாங்கள் எந்த இடத்தில் நினைக்கப்பட வேண்டும் என்று விரும்பினார்களோ அந்த இடம் அது.

இளைய மருமகளின் முகம் பொம்மை மாதிரி இருப்பதாக எழுதியிருந்தீர்கள். சரியாகவே பார்த்திருக்கிறீர்கள். அது டச்சிங். நெகட்டிவ் கண்ணாடியைச் சாய்வான மேசையில் வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் வரவிட்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் மருந்துப் பக்கத்தில் தொட்டுத் தொட்டு வேலை செய்வார்கள். முகத்துச் சுருக்கமும் பள்ளமும் நெகட்டிவில் தெளிந்த கண்ணாடியாக இருக்கும். அங்கே பென்சில் பட்டால் பிரிண்டில் அது வெளுத்து நிரவிவிடும். கறுப்பு வேண்டிய இடத்தில் கத்தி முனையால் மருந்தைச் சுரண்டுவார்கள். சுரண்டியதை மீட்க முடியாது, அதனால் பெரியப்பா கத்தியை எடுத்தால் நாங்கள் மேசைப் பக்கமே போகமாட்டோம்.

லென்ஸில் அந்த மருமகளின் கன்னத்தைப் பாருங்கள், காற்புள்ளி போன்ற நுண்ணிய கோடுகள் தெரியும். அவை கன்னத்தின் வளைவோடு வளைந்து போகின்றன. கைகாரர் என்பதற்கு அது அடையாளம், கற்றுக்குட்டியின் கோடு நேராகப் போகும். ஆனாலும் இங்கே கொஞ்சம் மிஞ்சிவிட்டது என்றுதான் நான் சொல்வேன். “நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்க” என்று வீட்டார் கேட்பது அப்போது மிகச் சாதாரணம். ஆர்த்தோ பிளேட் முகத்தைக் கறுக்க வைத்ததை ஈடுகட்டுவது ஒரு நியாயம், அதற்கு மேல் போனது நம் ஆட்களுக்கு வெளுப்பின் மேல் இருந்த ஆசை. இந்தப் பெண்ணின் தாடையருகே இருக்க வேண்டிய நிழலையே அழித்துவிட்டார்கள். அவருடைய நிஜ முகத்தில் ஒரு பகுதி நமக்குக் கிடைக்காமல் போனதில் எனக்கு வருத்தம்தான். அதே கை கொள்ளுத்தாத்தாவின் நெற்றியில் ஒரு கோடும் போடவில்லை. மூன்று வரிகளும் அப்படியே இருக்கின்றன. யார் முகத்தில் வயது தெரியலாம், யார் முகத்தில் கூடாது என்று 1938-இல் ஒருவர் எடுத்த முடிவு அந்தப் பென்சிலில் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடித் திரட்டி, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. இணையத்தில் பார்க்கலாம். நூறு படம் பார்த்துவிட்டு உங்கள் படத்துக்குத் திரும்பி வாருங்கள். எது எல்லோரும் செய்த வழக்கம், எது இந்த ஒருவர் மட்டும் யோசித்துச் செய்தது என்பது அப்போது பிரிந்து தெரியும்.

படத்தைக் காப்பது பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. சட்டத்தின் கண்ணாடியோடு படம் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், மருந்து உரிந்து கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடியோடு பிரதி எடுக்கக் கொடுங்கள். கறுப்புப் பகுதிகளில் நீலமாக மினுங்குவது வெள்ளி மேலே வந்து படிந்தது, துடைத்தால் படம்தான் தேயும். பின்னால் பந்துமுனைப் பேனாவால் எழுத வேண்டாம், மறுபக்கம் புடைக்கும். வெயில் படும் சுவரும் வெளிச்சுவரும் ஆகாது.

இப்போது ஆப் விஷயம். ஸ்கேனின் பிரதி ஒன்றில் உங்கள் தங்கை ஆசைப்பட்டதைச் செய்து பார்க்கட்டும், அசலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் சிரிக்க வைத்தால், பத்துப் பேர் தேர்ந்தெடுத்துத் தாங்கிப் பிடித்த முகம் போய்விடும், பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சிரிப்புதான் வரும். கலரும் அப்படித்தான். அரக்குக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் பிளேட் பதியவே இல்லை. பதியாததை எந்தக் கணினியும் எடுத்துத் தர முடியாது, ஊகிக்கத்தான் முடியும்.

அதைச் சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். படம் எடுத்த நாள் பாட்டிக்கு நினைவிருக்காது. ஆனால் நல்ல பட்டுச் சேலை ஒரு வீட்டில் இருபது முப்பது வருடம் இருக்கும். அம்மாவும் இரண்டு அண்ணிகளும் விசேஷத்துக்கு எடுத்துக் கட்டியதை அவர் வளர்ந்த பிறகும் பார்த்திருப்பார். கரையையும் புட்டாவையும் லென்ஸில் காட்டி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சொல்வதைத் தனித்தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். அப்படியே இன்னொன்றும் கேளுங்கள். படத்தில் அசைந்தது அவர் கை ஒன்றுதான், அது கலங்கிப்போயிருக்கும் திசை வலது பக்கம், வெள்ளைச் சேலை அத்தையை நோக்கி. அந்த அத்தையைப் பற்றிப் பாட்டி என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள். அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப்போடாமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் வாருங்கள்.